கம்பும் காலடியும்: ஊவாத் தோட்டங்களிற் சிலம்பத்தின் போர்க் கோட்பாடுகள் குறித்துச் சில சிந்தனைகள்

தமிழர்தம் தற்காப்புக் கலைகள் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இருவகைப் போக்குகளை இனங்காணலாம். ஒன்று, சிலம்பத்தின் தொன்மையை நிறுவுவதிலேயே முனைந்து நிற்கும் போக்கு. அகத்தியரையும் அரச வம்சங்களையும் சான்றுக்கழைத்து, உலகின் போர்க்கலைகள் யாவற்றுக்கும் இதுவே தாயெனப் பெருமிதங்கொள்வதோடு அது நிறைவடைந்துவிடுகின்றது. மற்றையது, சிலம்பத்தைத் திருவிழாக்கால வேடிக்கைகளுள் ஒன்றாகக் கருதி, ‘நாட்டார் கலைகள்’ என்னும் தலைப்பின்கீழ் ஒருவரியிற் பட்டியலிட்டு அமையும் போக்கு. ஒன்றுக்கொன்று முரணானவைபோலத் தோன்றும் இவ்விரண்டும் அடிப்படையான ஒரு வினாவைத் தவிர்ப்பதில் உடன்படுகின்றன. இக்கலை எவ்வாறு போரிடுகின்றது? அதன் அசைவுகளுக்கு அடியோட்டமாயுள்ள கோட்பாடுகள் எவை? அக்கோட்பாடுகளை உருவாக்கிய மக்கள் யாவர்?

இவ்வினாக்களைப் பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவா மாகாணத் தோட்டங்களையும் களமாகக்கொண்டு ஆராய்வதே எமது நோக்கமாகும். பசறை, லுணுகலை, தெமோதரை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாக் காலத்திலே தப்பொலிக்கு நடுவே கம்பு சுழல்வதைக் கண்டவர்கள் பலராயிருப்பர். அக்கம்பின் சுழற்சி வெறும் அலங்காரமன்று. அதனுள்ளே உறைந்துகிடப்பது ஒரு போர்த்தருக்கம் என்பதையே இங்கு விளக்க முற்படுகின்றோம்.

1. நிராயுதபாணிகளாக்கப்பட்ட இரு குடியானவர் கூட்டங்கள்

‘சிலம்பு’ என்னுஞ் சொல் ஒலியையும் குறிக்கும், மலையையும் குறிக்கும். குறிஞ்சி நிலத் தலைவனைச் ‘சிலம்பன்’ என வழங்குதல் பழந்தமிழ் மரபு. காற்றைக் கிழிக்குங் கம்பின் ஓசையால் இக்கலை பெயர்பெற்றது என்பாரும், மலைநிலத் தொடர்பால் பெயர்பெற்றது என்பாரும் உளர். சொல்லாராய்ச்சி கொண்டு வரலாற்றை முடிவு செய்தல் இயலாது. எனினும், அண்மைய வரலாற்றில் இக்கலை மீண்டும் மலையையே வந்தடைந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

தென் தமிழகத்திற் பாளையக்காரர் கிளர்ச்சிகள் நசுக்கப்பட்ட பின்னர், 1801ஆம் ஆண்டின் இறுதியிற் சென்னை ஆளுநர் எட்வேட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் அப்பிரதேசத்து மக்கள் போர்க்கருவிகள் வைத்திருப்பதைத் தடைசெய்தது. வாளும் வேலும் ஈட்டியும் பறிக்கப்பட்டன. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டமும், அதனைச் சென்னை மாகாணத்துக்கு விரித்த 1911ஆம் ஆண்டுச் சட்டமும் சமூகங்கள் சிலவற்றைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளாக்கி, அவற்றின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தின.

இதே காலப்பகுதியில் ஊவாவின் நிலை யாது? 1817இல் ஊவாவிலும் வெல்லசையிலும் வெடித்த கிளர்ச்சியின் தொடக்கத்திலே, பதுளையிலிருந்த ஆங்கில அதிகாரி சில்வெஸ்ரர் வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டார். ஆளுநர் றொபேட் பிறவுன்றிக் தலைமையிலான ஆட்சி பயிர்களையும் வீடுகளையும் கால்நடைகளையும் அழித்து அக்கிளர்ச்சியை ஒடுக்கியது. கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிப்பொல 1818 நவம்பரிற் கண்டியிற் சிரச்சேதஞ் செய்யப்பட்டார். சிங்கள மக்களின் போர்க்கலையான அங்கம்பொரவும் அவ்வேளையிலேயே தடைசெய்யப்பட்டது என்பது பரவலாக நிலவும் கருத்து. வெறுங்கைப் போரை ‘அங்கம்’ எனவும் ஆயுதப் போரை ‘இலங்கம்’ எனவும் பகுத்த அக்கலை, ஒதுங்கிய சில பரம்பரைகளுக்குள் ஒடுங்கியே உயிர்பிழைத்தது.

பின்னர் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச்சட்டம் கிராமத்தவரின் மேட்டுநிலங்களை அரசுடைமையாக்கிப் பெருந்தோட்ட முதலாளிகளுக்கு வழிதிறந்தது. முதலிற் கோப்பியும், 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்தபின் தேயிலையும் அம்மலைகளை மூடின. மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிவந்த தொழிலாளர் அங்கே லயன்களில் அடைக்கப்பட்டனர். ஆக, ஆயுதம் பறிக்கப்பட்ட ஒரு குடியானவர் கூட்டத்தின் நிலத்தின்மீது, ஆயுதம் பறிக்கப்பட்ட மற்றொரு குடியானவர் கூட்டம் குடியேற்றப்பட்டது. ஊவாத் தோட்டங்களிற் கம்பு பெறும் பொருளை விளங்கிக்கொள்ள இவ்வுண்மையே திறவுகோலாகும்.

2. கருவியும் ஆயுதமும்

வாளைத் தடைசெய்யலாம், கம்பைத் தடைசெய்தல் எளிதன்று. அது மாடு மேய்ப்பவன் கையில் உள்ளது. சுமைகாவுவோன் தோளில் உள்ளது. வழிநடப்போனுக்கு ஊன்றுகோலாக உள்ளது. உழைப்புக் கருவிக்கும் போர்க்கருவிக்கும் இடையிலான எல்லை மிக மெல்லியதாக உள்ள இடத்திலேயே ஒடுக்கப்பட்ட மக்களின் போர்க்கலை வேர்கொள்ளும். இது தமிழருக்கு மட்டும் உரிய உண்மையன்று. ஆசியாவின் பல நாடுகளிலும் கழியும் தடியும் சாதாரண மக்களின் ஆயுதங்களாக விளங்கியமைக்கு இதுவே காரணம்.

சிலம்பக்கம்பு பொதுவாக ஆடுவோரின் நெற்றியளவு உயரமுடையது. உள்ளங்கைக்குள் அடங்கும் பருமனுடையது. முற்றிய, கணுக்கள் நெருங்கிய கெட்டி மூங்கிலைத் தேர்ந்து, நீரில் ஊறவைத்து, அனலிற் காட்டி நிமிர்த்தி, எண்ணெயிட்டுப் பதப்படுத்துவர். பிரம்பையும் பயன்படுத்துவதுண்டு. கம்பின் நீளம் ஆடுவோனின் உடலால் அளக்கப்படுவது கவனிக்கத்தக்கது. படைக்கலச் சாலையில் ஒரே அளவில் வார்க்கப்படும் ஆயுதமன்று இது. ஒவ்வோர் உடலுக்கும் தனித்தனியே அமைவது.

3. போர்க் கோட்பாடுகள்

முதலாவது கோட்பாடு, காலடியே கம்பை இயக்குகின்றது என்பதாகும். சிலம்பம் கற்கப் புகுவோன் நெடுநாள் கம்பைத் தொடுவதில்லை. நிலையும் காலடி வரிசையுமே முதற்பாடம். பாதங்களை ஒரே கோட்டில் நிறுத்தாது, உடற்பாரத்தை முன்பாதத்திற் தாங்கி, எத்திசைக்கும் நகர ஆயத்தமாக நிற்றலே நிலையாகும். அடி வருங்கால், கம்பைக்கொண்டு அதனைத் தாங்குவதினும் அடிவிழும் இடத்தினின்று உடலை அகற்றுதல் சிறந்தது. அகலும் அதே அடியெடுப்பிலேயே எதிரியின் பக்கவாட்டை அடைய வேண்டும். காலடி தவறினால் கை எவ்வளவு விரைந்து சுழன்றும் பயனில்லை. சரிந்த மலையிற் கொழுந்துக் கூடையைச் சுமந்து நடந்து பழகியோர்க்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, தொலைவை ஆளுதல். சுழலும் கம்பின் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் ஒரு வட்டத்தை முடிக்கின்றன. ஆதலின் பிடியினின்று தொலைவிலுள்ள நுனியே மிகுந்த வேகமுடையது. பிடிக்கு அண்மையிலுள்ள பகுதி வேகங்குன்றியது. இவ்வெளிய பௌதிக உண்மையிலிருந்தே சிலம்பத்தின் தந்திரங்கள் பல பிறக்கின்றன. நீண்ட கம்புடையோன் எதிரியைத் தன் நுனியின் எல்லையிலே நிறுத்த முயல்வான். எதிர்ப்பவன் ஒன்றில் அவ்வெல்லைக்கு அப்பால் நிற்றல் வேண்டும். அன்றேல் வேகங்குன்றிய உள்வட்டத்துக்குள் துணிந்து புகுதல் வேண்டும். இடைப்பட்ட இடமே மரணத்தின் இடம். உள்ளே புகுந்தவனுக்குக் கம்பின் போர் முடிந்துவிடுகின்றது. பிடியும் பூட்டும் குத்துவரிசையும் தொடங்குகின்றன.

மூன்றாவது, வட்டத்தின் தொடர்ச்சி. கம்பை ஓங்கி, அடித்து, நிறுத்தி, மீண்டும் ஓங்குவது வீண்செலவு. சிலம்பத்தில் வீச்சு நிற்பதில்லை. ஒரு வெட்டின் முடிவு அடுத்த வெட்டின் தொடக்கமாகின்றது. எதிரியின் கம்போடு மோதியெழும் பின்னுதைப்பைக்கூட மறுபக்க வீச்சாக மாற்றிக்கொள்வர். இரு கைகளுள் ஒன்று சுழற்சிக்கு அச்சாகவும் மற்றையது உந்துவிசையாகவும் அமைந்து, கணத்துக்குக்கணம் தம் பணியை மாற்றிக்கொள்கின்றன. ஒருவன் பலரை எதிர்கொள்ளுங்கால் இச்சுழற்சியே அவனைச் சுற்றி வேலியாகின்றது.

நான்காவது, தடுப்பும் தாக்குதலும் பிரிக்கவொண்ணாதவை என்பது. தொடக்க நிலையிலே இவை தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. தேர்ச்சி பெற்றோனிடம் தடுக்கும் அசைவே தாக்கும் அசைவாகின்றது. முரண்பட்ட இரண்டின் ஒருமையென இயங்கியல் கூறுவதற்கு இதனினும் தெளிவான உடலியல் எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

ஐந்தாவது, பாவலா எனப்படும் பாசாங்கு. தலையை நோக்கி ஓங்கிக் காலை வெட்டுவதும், பின்வாங்குவதுபோற் காட்டி முன்பாய்வதும் இதன்பாற்படும். இதற்கெதிரான பயிற்சியும் உடன்கற்பிக்கப்படுகின்றது. எதிரியின் கம்பு நுனியைப் பாராதே. அவன் தோளையும் மார்பையும் பார் என்பதே அப்பாடம். நுனி பொய்சொல்லலாம், உடற்பாரம் எங்கு நகர்கின்றதோ அதுவே உண்மை. தோற்றத்தைக் கடந்து இயக்கத்தின் மூலத்தை நோக்குக என்னும் இவ்வறிவுரை இலக்கிய ஆய்வாளருக்கும் பொருந்துமென்பதிற் சந்தேகமில்லை.

4. சீனத்திலிருந்து ஓர் ஒப்புநோக்கு

ஒப்பியல் ஆய்வு ஒருவரையொருவர் மூத்தோர் இளையோர் என நிறுவுவதற்கன்று. ஒத்த சமூக நிலைமைகள் ஒத்த வடிவங்களைத் தோற்றுவிக்குமாற்றை அறிவதற்கேயாகும். இவ்வகையிலே தென்சீனத்து விங் சுன் என்னும் போர்க்கலை எமது கவனத்துக்குரியது. நிங் மூய் என்னும் பிக்குணியிடங் கற்ற இளம்பெண்ணொருத்தியின் பெயரால் அது வழங்குகின்றதென்பது மரபுக்கதை. உடலின் நடுக்கோட்டைக் காத்து எதிரியின் நடுக்கோட்டைத் தாக்குதல், தடுப்பையும் தாக்குதலையும் ஒரே வேளையில் நிகழ்த்துதல், மிகக்குறைந்த அசைவால் மிகக்குறுகிய வழியிற் செல்லுதல், எதிரியின் கையோடு தொடர்பறாது நின்று அவன் விசையை உணர்ந்து திசைதிருப்பல் என்பன அதன் அடிப்படைகள். சிலம்பம் வட்டத்தை நாடுகின்றது. விங் சுன் நேர்கோட்டை நாடுகின்றது. முன்னது வெளியின் கலை. பின்னது நெருக்கத்தின் கலை. ஆயினும் விசையை எதிர்த்து விசையை வீணாக்காமை என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. வலியோனை வலிமையால் வெல்லவியலாதோர் கண்டறிந்த அறிவு இது.

விங் சுன்னின் பரவலைச் செம்படகுகளில் ஊர்ஊராகச் சென்ற குவாங்டுங் கூத்துக் குழுவினரோடு தொடர்புபடுத்துவது மரபு. அதன் நீண்ட கழி வரிசை படகு தள்ளும் கழியிலிருந்து பிறந்ததென்றும் கூறுவர். 1854இல் லீ வென்மாவ் என்னும் கூத்து நடிகர் தம் குழுவினரைத் திரட்டி மஞ்சு ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தார். ஆட்சியாளர் ஃபோஷான் நகரிலிருந்த கூத்தர் சங்க மண்டபத்தை அழித்து, அக்கூத்தையே தடைசெய்தனர். அரங்கிற் போர்வீரராக ஆடியோர் களத்திற் போர்வீரராயினர். எமது தோட்டங்களிலும் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடப்பட்ட அதே மண்ணிலேதான் கம்பும் சுழன்றது. கூத்தின் அடவுக்கும் சிலம்பத்தின் காலடிக்குமுள்ள உறவு தனியே ஆராயத்தக்கது.

இதனினும் முக்கியமான சான்றொன்று உண்டு. மிங் ஆட்சிக்காலத் தளபதி சி ஜிகுவாங், கடற்கொள்ளையரை எதிர்க்க 1559இல் யீவூ என்னும் மலைப்பகுதியின் உழவரையும் சுரங்கத் தொழிலாளரையும் படைக்குத் திரட்டினார். அவர்களுட் சிலர்க்குக் கிளைகள் கழிக்கப்படாத நீண்ட மூங்கிலையே ஆயுதமாகக் கொடுத்தார். ஏறத்தாழப் பன்னிருவர் கொண்ட சிறு அணியிலே கேடயமும் மூங்கிலும் ஈட்டியும் ஒன்றையொன்று காத்து முன்னேறும் முறையை வகுத்தார். தனி வாள்வீரத்தில் மிஞ்சிய எதிரியை அவ்வணி வென்றது. வெறுங்கைப் பயிற்சி உடலைப் பழக்குவதற்கே உதவும். பெரும்போரில் அதனாற் பயன் சிறிதே என்பது அவர் தமது நூலிற் கொண்ட நிலைப்பாடு. தனிமனித வித்தைக்கும் கூட்டு ஒழுங்கமைப்புக்குமுள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக விளக்கல் அரிது.

5. கலையினுள் உறையும் முரண்பாடுகள்

சிலம்பத்தை ஒடுக்கப்பட்டோரின் கலையெனக் கூறிவிட்டு அமைந்துவிடுதல் உண்மைக்கு மாறான எளிமைப்படுத்தலாகும். கிராமத்தின் சாதியடுக்கு, கங்காணியுடன் கப்பலேறித் தோட்டத்துக்கும் வந்தது. யாருக்குக் கற்பிப்பது, எதுவரை கற்பிப்பது என்பதை வாத்தியாரின் விருப்பம் மட்டுமன்றி அவ்வடுக்கும் தீர்மானித்தது. தப்படித்தோர் ஒருபுறம் நிற்க, அத்தாளத்துக்குக் கம்பு சுழற்றியோர் மறுபுறம் நின்ற காட்சியை நாம் மறைக்கலாகாது. கங்காணியின் கையாட்களும் கம்பேந்தினர் என்பதும் நினைவிருத்தற்குரியது. ஆயுதம் தன்னளவில் எவ்வர்க்கத்தையுஞ் சார்ந்ததன்று. அதனை ஏந்துங் கையே அதன் சார்பைத் தீர்மானிக்கின்றது.

மேலும், தோட்டத்தின் முதுகெலும்பான கொழுந்தெடுக்கும் பெண்கள் இக்கலையினின்று நீண்டகாலம் விலக்கப்பட்டிருந்தனர். காலையிற் பெரட்டுக்களத்திலும், பகலில் மலையிலும், மாலையில் லயத்துக் காம்பிராவிலும் ஓயாதுழைத்த பெண்ணுக்குப் பயிற்சிக்கான ஓய்வுநேரமே இருக்கவில்லை. கற்பிக்கும் இரகசியத்தைத் தம்மோடே கொண்டுசெல்லும் ஆசான்மரபும் கலையைக் குறுக்கியது. இறுதிப் பாடத்தை மறைத்துவைத்தல் வாத்தியாரின் தற்காப்பாயிருந்திருக்கலாம். சமூகத்துக்கு அது இழப்பேயாகும்.

6. மூன்று சோதனைகள்

வரலாறு இக்கலையை மூன்று தடவை சோதித்தது எனலாம்.

1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானதன் பின்னர் எழுந்த வேலைநிறுத்த அலை, அவ்வாண்டு மே மாதமளவில் ஊவாவை அடைந்தது. லங்கா சமசமாஜக் கட்சியினரின் தொழிற்சங்கத் தலைமையில் வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தமக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட சபையொன்றை அமைத்தனர். ‘ஒழுங்கை’ நிலைநாட்ட வந்த ஆயுதந்தாங்கிய பொலிஸ் குழுவொன்றை அவர்கள் நிராயுதபாணியாக்கினர். இது கம்பு வித்தையின் வெற்றி எனக் கொள்ளல் தவறு. எண்ணிக்கையும் ஒழுங்கமைப்பும் கூட்டான துணிவும் பெற்ற வெற்றியே இது. எனினும், உள்வட்டத்துக்குட் புகுந்தவனிடம் நீண்ட ஆயுதம் பயனற்றுப்போகும் என்னும் உண்மை, ஒரு மக்கள் திரளின் அளவிலே மெய்ப்பிக்கப்பட்ட இடம் அதுவே. பின்னர் அடக்குமுறையே மேலோங்கியது என்பதும் வரலாறு.

இரண்டாவது சோதனை சத்தமின்றி நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். வாத்தியார் ஒரு கப்பலிலும் மாணவர் மறு கரையிலுமாகப் பிரிந்தபோது, எழுத்தில் இல்லாத கலை என்னவாகும்? உடலிலே தங்கும் அறிவு, உடல் பெயர்க்கப்படுங்கால் தானும் பெயர்ந்துவிடுகின்றது. நீலகிரியிலும் பிறவிடங்களிலும் குடியேறியோருடன் ஊவாவின் காலடி வரிசைகளும் சென்றிருத்தல் வேண்டும். எந்த ஒப்பந்தமும் அவற்றைக் கணக்கிலெடுக்கவில்லை.

மூன்றாவது, 1983 யூலை. பதுளை நகரும் தீக்கிரையான அந்நாட்களில், தற்காப்புக்கலை என நாம் பெருமைபேசுவதன் எல்லை அப்பட்டமாக வெளிப்பட்டது. திட்டமிட்டுத் திரட்டப்பட்ட வன்முறையின் முன்னே, சிதறிக்கிடந்த குடும்பங்களின் கம்பு என்ன செய்யும்? 1818இல் அதே மண்ணில் ஒடுக்கப்பட்ட சிங்களக் குடியானவரின் வழித்தோன்றல்களும், 1801இல் ஒடுக்கப்பட்டோரின் வழித்தோன்றல்களும் ஒருவரையொருவர் பகையெனக் கருதும்படி செய்யப்பட்டமையே இங்கு பெரிய பாவலா. நுனியைப் பார்த்தோம், தோளைப் பார்க்கத் தவறினோம்.

7. முடிவாக

எழுபதுகளிற் புறூஸ் லீயின் படங்கள் உலகெங்கும் இளைஞரைக் கவர்ந்தன. ஹொங்கொங்கில் இப் மானிடம் விங் சுன் பயின்ற அவர் 1973இற் காலமானார். எம்.ஜி.ஆர். படங்களின் சிலம்பக் காட்சிகளும் எம்மவரின் நெஞ்சில் நின்றன. இரண்டுமே தனியொருவன் பலரை வீழ்த்தும் கனவைத் தந்தன. அக்கனவின் கவர்ச்சி விளங்கிக்கொள்ளத்தக்கதே. அன்றாடம் தலைகுனிந்து நிற்க நிர்ப்பந்திக்கப்பட்டோருக்குத் தலைநிமிர்ந்த ஓர் உடலின் காட்சியே ஆறுதலாகும். ஆயினும் கனவு கோட்பாடாகாது.

இன்று தமிழகத்திலும் இலங்கையிலும் சிறுமியரும் சிலம்பம் பயில்கின்றனர்; புள்ளி கணக்கிடும் போட்டிகள் நடைபெறுகின்றன. கலை பரவலடைதல் வரவேற்கத்தக்கதே. ஆனால், பதக்கத்துக்காகச் சுழலும் கம்பு தன் வரலாற்றை மறந்துவிடுதலும் எளிது. ஆகவே, எஞ்சியுள்ள முதிய வாத்தியார்களின் காலடி வரிசைகளும் கலைச்சொற்களும் தோட்டந்தோட்டமாகப் பதிவுசெய்யப்படல் வேண்டும். அப்பதிவு சாதிப்பெருமையோ இனப்பெருமையோ பேசுவதற்கன்றி, உழைக்கும் மக்களின் அறிவுச் சேகரமாக அமைதல் வேண்டும். அங்கம்பொர மரபினரோடு இணைந்த ஒப்பாய்வும் இதன் பகுதியாக வேண்டும். ஒரே மலையின் இரு கலைகளும் ஒன்றையொன்று அறியாதிருத்தல் முறையன்று.

கம்பு ஒரு மக்களை விடுதலை செய்யாது. நின்ற இடத்தில் உறுதியாக நிற்றல், தொலைவை அளந்தறிதல், விசையை வீணாக்காமை, பாசாங்கிற்கு ஏமாறாமை என்னும் அதன் பாடங்கள் ஒருவரின் உடலோடு நின்றுவிடாது ஒரு மக்கள் திரளின் ஒழுங்கமைப்பாக மாறுமாயின், அப்போதே கலை தன் பயனை அடைகின்றது. வெவெஸ்ஸவில் ஒருமுறை அது நிகழ்ந்தது. அதனை நினைவூட்டுவதே எமது நோக்கம்.